விண்டோஸ் 11 நிறுவிய பிறகு பழைய தமிழ்க் கோப்புகள் பெட்டி பெட்டியாகத் தெரிகின்றன. பகிர்ந்த அச்சுப்பொறியும் இணையவில்லை

குடந்தை_அச்சகம்:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். திருமண அழைப்பிதழ், கும்பாபிஷேகப் பத்திரிகை, பள்ளி ஆண்டு மலர் இவைதான் எங்கள் வேலை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், தட்டச்சு வேலை நடக்கும் கணினியை உள்ளூர்க் கடையில் கொடுத்து விண்டோஸ் 11 புரோ, 24எச்2 பதிப்பைப் போட்டு வாங்கினோம். பழைய மென்பொருள்களுக்காக அதில் 32 பிட் விண்டோஸ் 10 வைத்திருந்தோம். அதன்மேலேயே மேம்படுத்த வழியில்லை, புதிதாகத்தான் நிறுவ வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். டி டிரைவில் இருந்த வேலைக் கோப்புகள் அனைத்தும் பத்திரமாக இருக்கின்றன.

இப்போதைய நிலை: பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த பழைய கோப்புகளைத் திறந்தால் தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் பெட்டியும் கேள்விக்குறியுமாக நிற்கிறது. எழுத்துருத் தொகுப்பின் குறுந்தகட்டைப் போட்டால், இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது என்ற செய்தியோடு நின்றுவிடுகிறது. முன் அறையில் உள்ள இன்னொரு கணினியில் மாட்டியிருக்கும் லேசர் அச்சுப்பொறியை இங்கிருந்து இணைக்க முடியவில்லை. தட்டச்சுக் கருவி வேர்டில் வேலை செய்கிறது, பேஜ்மேக்கரில் ஆங்கிலமே விழுகிறது. தை மாத முகூர்த்த வேலைகள் வரிசையில் நிற்கின்றன. வழி தெரிந்தவர்கள் உதவுங்கள்.

நள்ளிரவு_நிரலர்:

விண்டோஸ் 11 பழைய தமிழ் மென்பொருளுக்கு ஒத்துவராது. சி டிரைவை ஃபார்மட் செய்து விண்டோஸ் 10-ஐ மறுபடி போட்டுவிடுங்கள். ஒரு நாள் வேலை. இணையத்தில் இணைக்காமல் பயன்படுத்தினால் ஆதரவு முடிந்ததைப் பற்றிக் கவலையும் வேண்டாம்.

கம்பிவடம்:

தயவுசெய்து ஃபார்மட் செய்யாதீர்கள். நீங்கள் சொன்னவற்றில் நான்கு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. ஒரே நாளில் தலைகாட்டியதால் ஒரே காரணம் என்று தோன்றுகிறது. நான்கையும் ஒரே அடியில் தீர்க்க நினைத்தால் எது எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த முறை மறுபடி மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. பெட்டி பெட்டியாகத் தெரியும் நிலையில் எந்தக் கோப்பையும் சேமிக்க வேண்டாம். உரையை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டவும் வேண்டாம். இப்போது திரையில் தெரிவதுதான் பழுது. வட்டில் உள்ள எழுத்துகள் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். பழுதான தோற்றத்தையே சேமித்துவிட்டால் மூல எழுத்துகள் போய்விடும், பிறகு எந்த அமைப்பை மாற்றினாலும் திரும்பாது. டி டிரைவை ஒரு வெளி வட்டில் நகலெடுத்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

சில விவரங்கள் வேண்டும். அதே எழுத்துருவில் செய்த வேர்டு கோப்பு ஏதாவது இருந்தால் அது எப்படித் திறக்கிறது? அச்சுப்பொறியை இணைக்கும்போது வரும் பிழை எண்ணின் கடைசி எழுத்துகள் என்ன? சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்ற கோப்புறை இருக்கிறதா?

குடந்தை_அச்சகம்:

ஐயா, நகல் எடுத்துவிட்டேன். பென் டிரைவில் பழைய எழுத்துரு ஒன்று இருந்தது, டேப் வகை. அதை நிறுவியதும் வேர்டு கோப்புகள் ஒழுங்காகத் தெரிகின்றன. அதே எழுத்துருவில் இருக்கும் பேஜ்மேக்கர் கோப்பு மட்டும் தெரியவில்லை. பிழை எண் 11பி என்று முடிகிறது. விண்டோஸ்.ஓல்டு இருக்கிறது.

தீவகத்தான்:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். அந்தியேட்டிக்கு (இறந்தவருக்கான சடங்கு) வெளியிடும் நினைவு மலர்கள்தான் எங்களிடம் அதிகம். நாங்களும் விண்டோஸ் 11-இல் பேஜ்மேக்கர் 7 பயன்படுத்துகிறோம். எங்கள் கோப்புகள் யாவும் பாமினி எழுத்துருவில் உள்ளவை. சிதைவு ஏதும் இல்லை. ஓரிரு எழுத்துகள் மட்டும் இடையிடையே பெட்டியாக வருகின்றன, அதைக் கையால் திருத்திக்கொள்கிறோம். ஆகவே விண்டோஸ் 11 பழைய மென்பொருளுக்கு ஒத்துவராது என்று பொதுவாகச் சொல்வது பொருந்தாது.

கம்பிவடம்:

தீவகத்தான் அவர்களுக்கு மிக்க நன்றி. நீங்கள் சொன்ன அந்த ஓரிரு எழுத்துகளில்தான் விடை இருக்கிறது.

பழைய தமிழ் எழுத்துருக்கள் கணினியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துருக்களே. ஆங்கில எழுத்துகளுக்கான எண்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தார்கள். பாமினி பெரும்பாலும் 128-க்குக் கீழுள்ள எண்களை, அதாவது சாதாரண ஆங்கில விசைகளின் இடத்தைப் பயன்படுத்துகிறது. 1999-இல் தமிழ்நாட்டு அரசு தரப்படுத்திய டாம், டேப் இரண்டில் டேப் இருமொழிக்கானது. ஆங்கிலத்தைக் கீழே அப்படியே விட்டுவிட்டுத் தமிழை 128-க்கு மேல் 255 வரையுள்ள இடத்தில் வைத்தது. ஒருங்குறி (யூனிகோடு) தெரியாத பழைய மென்பொருள் அந்த மேல்பகுதி எண்ணை விண்டோஸிடம் கொடுக்கும்போது, விண்டோஸ் தன் குறிப்பக்கத்தின்படி (கோட் பேஜ், எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை) அதற்குப் பொருள் கொள்ளும். குறிப்பக்கம் 1252 ஆக இருக்கும்வரை எண்ணும் வடிவமும் ஒன்றுக்கொன்று பொருந்தும். குறிப்பக்கத்தை ஒருங்குறியின் யூடிஎஃப்-8 ஆக மாற்றிவிட்டால் அந்த எண்கள் தனியே நின்று பொருள் தராதவை ஆகிவிடும். பெட்டியும் கேள்விக்குறியும் வரும். 128-க்குக் கீழே இருப்பவை இரண்டிலும் ஒன்றே என்பதால் பாமினிக்குப் பெரிய பாதிப்பு இல்லை. வேர்டு தன் கோப்புகளை உள்ளுக்குள் ஒருங்குறியில் வைத்திருப்பதால் எழுத்துரு கிடைத்ததும் அதுவும் தப்பித்துவிடுகிறது. உங்கள் கணினியில் நடப்பது அப்படியே இதுதான்.

கண்ட்ரோல் பேனலில் ரீஜன் என்பதைத் திறந்து, அட்மினிஸ்ட்ரேட்டிவ் தாவலில் சேஞ்ச் சிஸ்டம் லோக்கேல் பொத்தானை அழுத்துங்கள். சிறிய சாளரம் ஒன்று வரும். மொழிப் பட்டியலுக்குக் கீழே பீட்டா என்று தொடங்கும் வரியில், யூடிஎஃப்-8 பற்றிய கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டு, மேலே மொழியாக ஆங்கிலம் (இந்தியா) வைத்து, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். மூடித் திறப்பது போதாது. ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். தீவகத்தான் அவர்களும் ஒருமுறை அங்கே பார்க்கலாம்.

நள்ளிரவு_நிரலர்:

இதை ஏற்க முடியவில்லை. யூடிஎஃப்-8 தானே தமிழுக்குச் சரியானது? அதை அணைக்கச் சொல்வது பின்னோக்கிப் போவது. எங்கள் நிரல்களில் தமிழ்க் கோப்புப் பெயர்கள் சரியாக வருவதற்கே நான் அந்த டிக்கைப் போட்டு வைத்திருக்கிறேன்.

கம்பிவடம்:

தம்பி, உங்கள் கணினியில் அது இருக்கட்டும், உங்கள் வேலைக்கு அது பொருத்தம். ஆனால் அந்தச் சாளரத்தின் தலைப்பே ஒருங்குறி அல்லாத நிரல்களுக்கான மொழி என்றுதான் இருக்கிறது. உலாவி, இன்றைய வேர்டு, இன்டிசைன் எதுவும் அந்த டிக்கை நம்பித் தமிழ் காட்டுவதில்லை. அவற்றில் ஒருங்குறித் தமிழ் எப்படியும் வரும். பாதிக்கப்படுவது இவர் நம்பிப் பிழைக்கும் பழைய மென்பொருள் மட்டுமே. கடைக்காரரும் தமிழ் நன்றாக வர வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அதைப் போட்டிருக்கக்கூடும். அச்சகக் கணினிக்கு அது ஆகாது.

குடந்தை_அச்சகம்:

டிக் இருந்தது. எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்தேன். பேஜ்மேக்கரில் போன ஆண்டின் கோயில் மலர் முழுவதும் ஒரு புள்ளி மாறாமல் திறந்தது! தீவகத்தான் அவர்கள் எழுதியிருக்காவிட்டால் நானும் விண்டோஸையே குறை சொல்லிக்கொண்டு இருந்திருப்பேன்.

இன்னொன்று. என் பெயரில் உள்நுழைந்தால் எழுத்துரு இருக்கிறது. தட்டச்சு செய்யும் பெண்ணின் கணக்கில் நுழைந்தால் அதே எழுத்துரு பட்டியலில் இல்லை. மேலும், குறுந்தகட்டில் உள்ள தொகுப்பு இன்னும் ஓடவில்லை.

தீவகத்தான்:

எங்களிடமும் அந்தக் கட்டத்தில் டிக் இருந்தது. எடுத்ததும் அந்த ஓரிரு எழுத்துகளும் வந்துவிட்டன. இத்தனை காலமும் எழுத்துருவில் பிழை என்றே நினைத்திருந்தோம்.

கம்பிவடம்:

குறுந்தகடு ஓடாததற்குக் காரணம் அதன் நிறுவல் நிரல் 16 பிட் காலத்தது. 32 பிட் விண்டோஸ் அவற்றை ஓட்டும். 64 பிட் விண்டோஸ் ஓட்டாது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆனால் உங்களுக்கு நிறுவல் நிரல் தேவையில்லை, எழுத்துருக் கோப்புகள் போதும். விண்டோஸ்.ஓல்டு கோப்புறைக்குள் விண்டோஸ், அதற்குள் ஃபான்ட்ஸ் என்று போனால் பழைய எழுத்துருக்கள் எல்லாம் அங்கே இருக்கும். இன்றே வெளியே எடுத்து வையுங்கள். அந்தக் கோப்புறையை விண்டோஸ் பத்து நாளில் தானே அழித்துவிடும். அதற்குப் பிறகு அழுதாலும் வராது.

நிறுவும்போது எழுத்துருவின் மேல் இருமுறை சொடுக்கி இன்ஸ்டால் அழுத்தினால் அது உங்கள் ஒருவர் கணக்கில் மட்டும் சேரும். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில் இருந்தே அப்படித்தான். வலச்சொடுக்கி, எல்லாப் பயனருக்கும் நிறுவு என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். சில பழைய மென்பொருள்கள் பொது எழுத்துருக் கோப்புறையை மட்டுமே பார்க்கும் என்பதாலும் இதுவே நல்லது.

பழந்தட்டச்சு:

தட்டச்சுக் கருவி பற்றி நான் சொல்கிறேன். பழைய தட்டச்சுப்பொறி அமைப்பிலேயே பழகிய கை என்னுடையது. விண்டோஸ் 11-இல் தமிழ்99, அஞ்சல் ஆகிய விசைப்பலகைகள் உடன் வருகின்றன. எங்களைப் போன்றவர்களுக்கு வெளிக் கருவிதான் கதி.

பேஜ்மேக்கர் ஐகானில் வலச்சொடுக்கி, பண்புகளில் (ப்ராப்பர்டீஸ்) பொருந்துமை (கம்பாட்டிபிலிட்டி) தாவலைத் திறந்து பாருங்கள். இந்த நிரலை நிர்வாகியாக இயக்கு என்ற இடத்தில் டிக் இருக்கிறதா? நிர்வாகி உரிமையில் ஓடும் நிரலுக்குள், சாதாரண உரிமையில் ஓடும் இன்னொரு நிரல் விசைகளை அனுப்ப விண்டோஸ் அனுமதிக்காது. விஸ்டா காலத்தில் இருந்தே உள்ள பாதுகாப்பு அது. வேர்டு சாதாரண உரிமையில் ஓடுவதால் அங்கே தமிழ் விழுகிறது. பேஜ்மேக்கர் நிர்வாகியாக ஓடினால் அங்கே ஆங்கிலம்தான் விழும். டிக்கை எடுத்துப் பாருங்கள். எடுத்தால் பேஜ்மேக்கர் திறக்க மறுக்கிறது என்றால் மட்டும், தட்டச்சுக் கருவியையும் நிர்வாகியாகத் தொடங்குங்கள். இரண்டும் ஒரே உரிமை நிலையில் இருக்க வேண்டும் என்பதுதான் விதி.

குடந்தை_அச்சகம்:

நீங்கள் சொன்ன இடத்தில் டிக் இருந்தது. எடுத்த பிறகும் பேஜ்மேக்கர் நன்றாகத் திறக்கிறது, தமிழும் விழுகிறது. தட்டச்சு செய்யும் பெண் மகிழ்ச்சியில் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார். எழுத்துருக்களையும் எடுத்துவிட்டேன். இனி அச்சுப்பொறி ஒன்றுதான் பாக்கி.

நள்ளிரவு_நிரலர்:

அச்சுப்பொறிக்கு எளிய வழி: அது மாட்டியிருக்கும் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் அச்சுச் சேவைக்கான அங்கீகார மதிப்பைச் சுழியமாக்கினால் 11பி போய்விடும். இணையத்தில் தேடினால் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

கம்பிவடம்:

போய்விடும், உண்மைதான். கதவைக் கழற்றி வைத்தால் பூட்டு மக்கர் செய்யாது என்பதும் உண்மைதான். அச்சு வரிசைச் சேவையில் ஒரு பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்து 2021 ஜனவரியில் திருத்தம் வெளியிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அதை இயல்பாகவே கட்டாயமாக்கினார்கள். அந்த மதிப்பைச் சுழியமாக்குவது அந்தத் திருத்தத்தையே அணைப்பது. வெளியார் பென் டிரைவோடு நாள் முழுவதும் வந்துபோகும் அச்சகத்தில் அதைச் செய்ய நான் சொல்லமாட்டேன்.

குடந்தை நண்பரே, முன் அறைக் கணினியில் என்ன விண்டோஸ்? கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள்? இரு பக்கமும் அந்தத் திருத்தம் இருந்தால்தான் ஒன்றையொன்று ஏற்கும். அதற்கு முன் ஒரு சோதனை: அச்சுப்பொறியின் யூஎஸ்பி வடத்தைக் கழற்றிப் புதிய கணினியில் நேரடியாக மாட்டி ஒரு பக்கம் அச்சடியுங்கள். அடித்தால் இயக்கி (டிரைவர்) நலம், கோளாறு வலையமைப்பில். அடிக்காவிட்டால் பகிர்வைப் பற்றிப் பேசுவதே வீண்.

குடந்தை_அச்சகம்:

நேரடியாக மாட்டினால் அடிக்கிறது. முன் அறையில் விண்டோஸ் 10. கணக்கெழுதவும் அச்சடிக்கவும் மட்டும் என்பதால் தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்து வைத்திருக்கிறது, 2020 முதலே புதுப்பிப்பு ஏதும் ஏறவில்லை என்று வரலாற்றில் காட்டுகிறது.

இன்று நாள் முழுவதும் புதுப்பிப்புகளை ஏற்றினேன். 11பி இப்போது வருவதில்லை. ஆனால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. அந்தக் கணினியில் கடவுச்சொல்லே கிடையாது, என்ன கொடுத்தாலும் ஏற்கவில்லை.

கம்பிவடம்:

இது 24எச்2-இன் மாற்றம். முன்பெல்லாம் கடவுச்சொல் இல்லாமல் விருந்தினராக நுழையும் பகிர்வுகளை விண்டோஸ் ஏற்றுக்கொண்டது. 24எச்2-இல் புரோ பதிப்பும் விருந்தினர் நுழைவை ஏற்பதில்லை. போதாததற்கு, பரிமாறும் தரவில் கையொப்பமும் கேட்கிறது. வைஃபை ரவுட்டரில் வன்வட்டை மாட்டிப் பகிர்ந்தவர்கள் பலர் இதனால்தான் திண்டாடினார்கள். காலத்துக்கு ஏற்ற மாற்றம்தான்.

முன் அறைக் கணினியில் அச்சு என்ற பெயரில் ஒரு சாதாரணப் பயனர் கணக்கு தொடங்கிக் கடவுச்சொல் வையுங்கள். விண்டோஸ் 11-இல் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியில் அந்தக் கணினியின் பெயர், பயனர் பெயர் (கணினியின் பெயருக்குப் பின் இடச்சாய்கோடு இட்டு அச்சு என்று), கடவுச்சொல் மூன்றையும் சேமியுங்கள். பிறகு இணையுங்கள். தட்டச்சு செய்பவரின் கணக்கிலும் தனியாக ஒருமுறை சேமிக்க வேண்டும். கூடவே, முன் அறைக் கணினியும் விண்டோஸ் 10 என்பதால் அதற்கும் காலக்கெடு இருக்கிறது. அதில் விண்டோஸ் 11 ஓடாது என்றால், நுகர்வோருக்கான நீட்டிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும்.

சிங்கை_வாசகி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். சிங்கப்பூரில் இருந்து எழுதுகிறேன். இருபதாண்டுக்கு முன் மின்னஞ்சல் குழுக்களில் வந்த கட்டுரைகளைச் சேமித்து வைத்திருக்கிறேன், எல்லாம் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு எழுத்துருவில். விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு அவற்றைத் திறந்தால் எல்லா எழுத்தும் வருகிறது, இகரம் மட்டும் காணவில்லை. இங்கே என்பது ங்கே என்று நிற்கிறது. நானும் அந்தக் கட்டத்தைப் பார்த்தேன், டிக் இல்லை.

கம்பிவடம்:

இது விண்டோஸ் 11-க்கு முன்பே உள்ள பழைய நோய். டிஸ்கியில் இகரம் 173-ஆம் இடத்தில் இருந்தது. அந்த எண், வரி உடையும் இடத்தில் மட்டும் தெரியும் மென்கோட்டுக்கு உரியது. பல மென்பொருள்கள் அதை மறைத்துவிடும், எழுத்தும் கூடவே மறையும். இதற்காகவே பிற்பாடு 1.7 பதிப்பில் இகரத்துக்கு 254-ஆம் இடத்தையும் கொடுத்தார்கள். மேம்படுத்தியபோது நீங்கள் திறக்கும் மென்பொருளும் மாறியிருக்கும். பார்ப்பதற்காக மட்டும் என்றால், கோப்பின் நகலை டிஸ்கியில் இருந்து ஒருங்குறிக்கு மாற்றிப் படியுங்கள். நேரடியாகக் கோப்பை மாற்றும் கருவியைப் பயன்படுத்துங்கள். திரையில் இருந்து நகலெடுத்து ஒட்டினால் அந்த இகரம் வழியிலேயே விழுந்துவிடலாம்.

மெய்ப்பு:

மெய்ப்புத் திருத்துபவள் என்ற முறையில் சொல்கிறேன். குடந்தைச் சகோதரர் இந்தச் சிக்கல் தீர்ந்ததும் அப்படியே விட்டுவிடாமல், மீண்டும் தேவைப்படும் உரைகளை ஒருங்குறிக்கு மாற்றத் தொடங்க வேண்டும். தமிழ்நாட்டு அரசே 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் மாற்றியதை அப்படியே அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

பழைய எழுத்துருவில் கொம்பை முதலில் அடித்துப் பிறகு மெய்யை அடிப்போம். ஒருங்குறியில் மெய்க்குப் பின்னால்தான் கொம்பு. மாற்றும் கருவி அதை இடம் மாற்றிப் போடும். ஆனால் பழைய பக்கத்தில் வரி நிரப்புவதற்காகக் கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவே யாராவது எண்டர் தட்டியிருந்தால், கொம்பு தவறான எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைவிடக் கடினமானது துணைக்கால். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் என்று பலர் துணைக்காலுக்குப் பதில் ரகரத்தை அடித்திருப்பார்கள். தாளில் தெரியாது. ஒருங்குறிக்கு வந்ததும் காலம் என்பது கரலம் ஆகிவிடும். ஔகாரத்தில் ளகரத்தைப் போட்டிருப்பார்கள். அழைப்பிதழில் பெயரில் இப்படி ஒன்று வந்தால் பிறகு வீட்டார் முகத்தில் விழிக்க முடியாது. பழைய அச்சுப் படி அல்லது எழுத்துரு உள்ளே பொதிந்த பிடிஎஃப் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல் சொல்லாக ஒப்பிடுங்கள். தேடும் வசதியில் கொம்பு தனியே நிற்கும் இடங்களை முதலில் பிடித்தால் பாதி வேலை முடியும்.

குடந்தை_அச்சகம்:

அச்சு என்ற கணக்கைத் தொடங்கி, இரண்டு பேர் கணக்கிலும் சேமித்தோம். அச்சுப்பொறி இணைந்துவிட்டது. மாலையில் ஒரு காதணி விழா அழைப்பிதழை அதில்தான் அடித்துக் கொடுத்தோம்.

சகோதரி சொன்னபடி, ஆண்டுதோறும் திரும்ப வரும் கோயில் பத்திரிகைகளில் இருந்து ஒருங்குறி மாற்றத்தைத் தொடங்குகிறேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இன்னொரு எழுத்துருத் தொகுப்புக்கு யூஎஸ்பி டாங்கிள் (உரிமத்தைச் சரிபார்க்கும் சிறு பூட்டுக் கருவி) உண்டு. அதை மாட்டினால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் காட்டுகிறது. கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு அமைப்பை அணைத்தால் சரியாகும் என்று கடையில் சொல்கிறார்கள். அணைக்கலாமா?

கம்பிவடம்:

இப்போதைக்கு வேண்டாம். அந்த முக்கோணத்தின் மேல் இருமுறை சொடுக்கி, அதில் வரும் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். 28 என்றால் இயக்கியே நிறுவப்படவில்லை என்று பொருள். மெமரி இன்டெக்ரிட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை, அணைத்தும் பயன் இருக்காது. 39 அல்லது 52 என்றால் இயக்கி இருந்தும் விண்டோஸ் அதை ஏற்றவில்லை; அப்போது டாங்கிளைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் 64 பிட்டுக்கான புதிய இயக்கி இருக்கிறதா என்று தேட வேண்டும். எழுத்துரு விற்றவரைத் தேடி அலைய வேண்டாம். டாங்கிளின் மேலேயே தயாரிப்பாளர் பெயர் சிறிய எழுத்தில் பொறித்திருக்கும். எண்ணையும் அந்தப் பெயரையும் இங்கே எழுதுங்கள், அடுத்ததைப் பார்க்கலாம்.